நெற்றிக்கு ஒரு டிராகன்

ஆண்கள் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலுவைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, நெற்றியில் சந்தனம் அப்பியாகிவிட்டது. அதன்மேல் பதிக்க ஒரு ரூபாய்க் காசு வேண்டும். பந்தல் நிறைய ஆள் இருந்தும் ஒருத்தரிடமும் காசு இல்லை. டீக்கும் பெட்ரோலுக்கும் செல்போனை நீட்டிப் பழகியவர்கள். முக்குக் கடைக்கு ஆள் போய் வந்தது. அங்கே சில்லறைக்குப் பதில் மிட்டாய்தான் கொடுக்கிறார்களாம்.

பிரகதாம்பாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கொடுத்த காபி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்த மனுஷன். நெற்றிச் சந்தனம் ஓரத்தில் காய ஆரம்பித்திருந்தது.

"இந்த வீட்டுல காசுக்கா பஞ்சம்? அண்ணன் சேத்து வச்சதுல ஒண்ண எடுங்களேன்" என்றாள் அவர் தங்கை ஈஸ்வரி.

அண்ணன் சேர்த்து வைத்தது ஊருக்கே தெரியும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது சீன முதலாளி கொடுத்த ஒரு காசில் தொடங்கிய பைத்தியம் அது. சீனர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மிருகமாம், பன்னிரண்டு வருஷம் ஒரு சுற்றாம். எலி, மாடு, புலி, முயல் என்று வருஷத்துக்கு ஒன்றாக வாங்கினார். டிராகன் மட்டும் தங்கம், மற்றதெல்லாம் வெள்ளி. வலங்கைமான் பக்கத்திலிருந்து போனவர்களெல்லாம் பெண்டாட்டிக்குச் சங்கிலி கொண்டுவந்தபோது இவர் பன்றி கொண்டுவந்தார். "ஊர்ல எல்லாரும் நெலம் வாங்குறாங்க, நீங்க பன்னி வாங்குறீங்க" என்று அவள் சொல்லாத நாளில்லை. ஊர் திரும்பியதும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு காசுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் எடுக்க முடியாது அத்தை" என்றான் மகன் இளஞ்செழியன். "பன்னெண்டும் சேந்து இருந்தாதான் செட்டு. முழு செட்டுன்னாதான் சென்னை ஆளு வாங்குவாரு. நேத்துகூடப் பேசினேன்."

"நேத்தா?" என்றாள் பிரகதாம்பாள்.

அவன் செல்போனைக் குனிந்து பார்த்தான். நேற்று அவர் உயிரோடு இருந்தார். வாசலில் நின்று மோட்டார் கொட்டகைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பன் பைத்தியம், பிள்ளை வியாபாரி. பைத்தியமே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து உள்ளே போய்த் தங்கக் காசை எடுத்துவந்தாள்.

"அம்மா, கை படாம எடும்மா. ஒரு கீறல் விழுந்தாப் போதும், அப்புறம் உருக்குற வெலைக்குத்தான் போவும்."

காசை மூடியிருந்த பிளாஸ்டிக் கூட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, சந்தனத்தில் அழுத்தினாள். மீசை வைத்த பாம்பு மாதிரி இருந்த அந்தப் பிராணி அவர் நெற்றியில் ஏறி உட்கார்ந்தது. பார்க்கக் கோமாளித்தனமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்குப் பொருந்தியது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. இந்த மனுஷனுக்காகவா அழுகிறோம் என்று எரிச்சலும் வந்தது.

நெற்றிக்காசு சுடுகாட்டு வேலை பார்க்கும் வீரையனுக்குச் சேர வேண்டியது. அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பாடை கட்டி முடிந்த நேரத்தில், வீட்டுப் பக்கவாட்டில் மகனின் குரல் கேட்டது.

"வீரையண்ணே, அங்க போனதும் அந்தக் காச எடுத்து எங்கிட்ட குடுத்துருங்க. உங்களுக்கு நோட்டாத் தரேன்."

"வேணாம் தம்பி. நெத்திக்காசத் திருப்பி வாங்குனா நல்லாருக்காது."

"அத நான் பாத்துக்கிறேன்."

இவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதை நினைத்துப் பிரகதாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பாத்திரமெல்லாம் கொல்லைக் குழாயடிக்கு வந்தது. பிரகதாம்பாள் புளியும் சாம்பலும் கம்பி நாரும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் அண்ணி? நாங்க தேய்க்க மாட்டோமா?" என்றாள் ஈஸ்வரி.

"இத நான்தான் தேய்க்கணும்."

குடமுருட்டி ஆற்றில் முழுகிவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இளஞ்செழியன் மட்டும் நிற்காமல் நேரே காசுப் பெட்டி இருந்த அறைக்குள் போனான். போன வேகத்தில் கொல்லைக்கு ஓடிவந்தான்.

மணைப்பலகைமேல் பதினோரு வெள்ளிக் காசுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நன்றாகப் பளபளத்தன. எலிமேலும் புலிமேலும் பன்றிமேலும் வட்டவட்டமாகக் கம்பி நாரின் கீறல்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"சாவு வீடு. எல்லாத்தையும்தான் தேச்சுக் கழுவணும்." தலை நிமிராமல் ஈரக் கையை நீட்டினாள். "அதையும் குடு."

அவன் இடுப்பு வேட்டி மடிப்பைப் பிரித்துக் காசை எடுத்து நீட்டினான். டிராகனின் மீசையில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. பிரகதாம்பாள் அந்தச் சந்தனத்தை மட்டும் விரலால் மெல்ல வழித்து வாழையடியில் வைத்துவிட்டு, கம்பி நாரைக் கையில் எடுத்தாள்.