அம்புறோஸின் நாக்கு

பேசாலையில் அம்புறோஸின் வீட்டில் கிறிஸ்து பிறப்புக்கு நடக்கும் நத்தார் விருந்துக்கு எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட் தவறாமல் வருவார். ஊர்ப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிவந்து கொடுக்கப்போய் வளர்ந்த சிநேகம்; அம்புறோஸுக்கு அவர் 'நானா', அண்ணன் மாதிரி. சாராயத்தை அவர் தொட்டதே இல்லை. அதனால்தான் விருந்தில் நடக்கும் குடிவகைச் சோதனைக்கு இந்த வருடம் அவரை நடுவராக்கினார்கள். போன வருடத்து நடுவரான ஒரு மச்சான், முடிவு சொல்லுமுன்பே பாலன் குடிலுக்குள் மண் ஆட்டுக்குட்டிகளைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

அம்புறோஸ் பதினான்கு வருடம் பயணிகள் கப்பலில் பார் வேலை பார்த்தவர். நத்தாருக்கு மறுநாள் பின்னேரம் முற்றத்தில் மேசை போட்டு, போத்தல்களைப் பரப்பி, தோடம்பழச் சாறும் இஞ்சிச் சாறும் சேர்த்துப் புதிது புதிதாகக் கலந்து கொடுப்பார். அதற்கு முன் ஒரு வித்தை உண்டு. கண்ணைத் துவாயால் கட்டச் சொல்லி, ஊற்றிக் கொடுப்பதில் ஒரு மிடறு குடித்துவிட்டு இன்னதென்று சொல்வார். ஒருமுறைகூடப் பிழை விட்டதில்லை.

இம்முறை ஊற்றிக் கொடுத்தவள் அவர் மனைவி அருளம்மாவின் தங்கை நிறஞ்சலா. நீர்கொழும்பில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்கிறவள். அத்தானின் பெருமையடிப்பில் அவளுக்கு நெடுநாள் எரிச்சல்.

"பியர்," என்றார் அம்புறோஸ். "குளிர் காணாது. அடுத்தது?"

அடுத்தது தென்னஞ்சாராயம். அதற்கடுத்தது றம். இரண்டையும் சரியாகச் சொன்னார். சனம் கைதட்டியது.

குடிக்காத மனிதரான சாஹுல் ஹமீட்டுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கிளாஸ் உதட்டில் படுமுன்பே அம்புறோஸின் முகத்தில் விடை வந்துவிடுவதை அவர் கண்டார். பியர் டின் சீறியது. சாராயப் போத்தலின் தகர மூடி நறுக்கென்று முறிந்தது. றம் மூடி கிறீச்சிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்புறோஸின் வலது காது மேசைப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தது.

ஐஸ் எடுக்கும் சாட்டில் நிறஞ்சலாவின் பக்கத்தில் போய் நின்றார். "தங்கச்சி, உங்கட அத்தான் வாயால குடிக்கேல்ல. காதால குடிக்கிறார்."

அவள் ஒரு கணம்தான் விழித்தாள். ஜின் போத்தலின் தக்கையை டொப்பென்று இழுத்தாள். பிறகு அந்தப் போத்தலை அப்படியே வைத்துவிட்டு, ஐஸ் வாளியில் உருகிக் கிடந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.

அம்புறோஸ் அதை வாய்க்குள் உருட்டி விழுங்கினார். "ஜின். நல்ல சரக்கு. பின்னுக்கு ஒரு காட்டு வாசம் வருது. தொண்டையில லேசான எரிவு."

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. அம்புறோஸ் துவாயை அவிழ்த்துக் கிளாஸையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிணற்றடிக்கு நடந்தார்.

சாஹுல் ஹமீட்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாலேயே போனார். "கோவமோ?"

"இல்லை நானா." அம்புறோஸ் குரலைத் தாழ்த்தினார். "கொரோனா வந்து சுகமானதிலயிருந்து மணமும் இல்லை, ருசியும் இல்லை, எரிவும் தெரியாது. நாலு வருசம். கலக்கிறதெல்லாம் கைப்பழக்கம். சொன்னால் ஆரும் என்ர கையால வாங்கிக் குடிப்பினமோ?"

பின்னால் வந்து நின்ற நிறஞ்சலா மன்னிப்பொன்றும் கேட்கவில்லை. "போன நத்தாருக்கும் இஞ்சி கூடித்தான் போச்சு, அத்தான்."

"பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"கப்பல்ல அப்பிடித்தான் குடிக்கிறவையாக்கும் எண்டு நினைச்சம்."

அம்புறோஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாஹுல் ஹமீட்டுக்கு மூச்சு வந்தது.

மேசைக்குத் திரும்பியதும் அம்புறோஸ் தானாகவே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். "உயிர்த்த ஞாயிறுக்குத் தந்தது இருமல் மருந்து மாதிரி இருந்தது" என்றார் ஒருவர். தனக்குத் தந்ததை முருங்கைக்கு ஊற்றியதாக இன்னொருவர் ஒப்புக்கொண்டார். அருளம்மா இடுப்பில் கைவைத்து, "அப்ப தினமும் என்ர குழம்பு நல்லாயிருக்கெண்டு சொன்னது?" என்று கேட்டாள். அம்புறோஸ் தேசிக்காய் வெட்டுவதில் மும்முரமானார்.

அன்று அவர் கலந்தார், நிறஞ்சலா ருசி பார்த்தாள். "புளி கூட." "இனிப்பு இன்னும் ஒரு துளி." "இப்ப சரி." ஐந்தாவது கிளாஸிலிருந்து அவளுக்கு எல்லாமே சரியாகப் பட்டது. ஆறாவதை சாஹுல் ஹமீட் அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி அப்பால் வைத்தார்.

அவருக்கென்று ஒரு புதுக் கிளாஸைக் கழுவித் துடைத்து, சாராயம் சேராத கலவையொன்றைச் செய்து நீட்டினார் அம்புறோஸ். "இதை நீங்கள்தான் சொல்லவேணும் நானா. முகத்துக்காகச் சொல்லப்படாது."

சாஹுல் ஹமீட் குடித்தார். "இனிப்பு நல்லாக் கூடிப்போச்சு. சீனிப்பாகு குடிச்ச மாதிரி."

அம்புறோஸ் சந்தோஷமாகக் கிளாஸைத் திருப்பி வாங்கி, புளிப்புக்கு இன்னொரு தேசிக்காயை எடுத்தார்.