கல்தொட்டியில் இடது கால்

பதினோரு நாளாகியும் திராட்சைச் சாறு பொங்கவில்லை.

கிங்ஸ்டன் டிரம்மில் காது வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. சூளகிரிக்குப் பக்கத்தில் நான்கு தலைமுறையாகக் மாதா கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் கொடுக்கும் குடும்பம் அவனுடையது. அப்பா ஜான்பீட்டர் ஏப்ரலில் இறந்துபோனார். அவன் பொறுப்பில் இது முதல் வருடம்.

“நாளைக்குள்ள நுரை கட்டலன்னா பெங்களூர்ல ஆர்டர் குடுத்துடுவேன் கிங்ஸ்டன். அப்புறம் எப்பவும் அங்கதான்.” பங்குச் சாமியார் காலையில்தான் போனில் கறாராகச் சொன்னார்.

“மெஷின்ல அரைச்சா இப்பிடித்தான்” என்றாள் மனைவி பெனிஷா. “கல்தொட்டில எறங்கி மிதிக்கணும்னு மாமா சாகறப்பகூடச் சொன்னாரு.”

“மிதிச்சவங்க கால் என்னா ஆச்சுன்னு சொன்னாரா?”

கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா மூவருக்கும் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஒருவருக்கு மாட்டுவண்டிச் சக்கரம், ஒருவருக்குக் கடப்பாரை, அப்பாவுக்கு ஜூஜுவாடி ரோட்டில் லாரி டயர். மூன்றும், அவரவர் முதன்முதலாகத் தொட்டியில் இறங்கிய அன்றே, பொழுது சாய்வதற்குள். கிங்ஸ்டன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் மெஷின் வாங்கினான்.

“கம்பெனில தகடு வெட்டற பிரஸ் ஷாப்புல பத்து வருஷமா நிக்கறேன். ஒரு கீறல் உண்டா?” என்றான்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தொட்டிகிட்டச் சொல்லுங்க.”

சாற்றையும் தோலையும் கல்தொட்டியில் கொட்டினான். கால் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு, வழக்கப்படி இடது காலை முதலில் வைத்தான். சில்லென்றிருந்தது. பத்து நிமிடம் மிதித்ததும் சூடு ஏறியது. விரலிடுக்குகளில் குமிழிகள் மீன்குஞ்சு போலக் கொத்தின. கணுக்கால்வரை ஊதா நுரை.

உள்ளே நின்றபடியே சாமியாருக்குப் போன் போட்டு, நுரை இரைவது கேட்கும்படி கீழே பிடித்தான்.

“அங்க மழையா?”

“நம்ம ரசம் சாமி!”

“அட! அப்ப பெங்களூரை விட்டுடறேன்.”

சிரித்தபடி வெளியே வந்து குழாய்வரை நடந்தான். பெனிஷா சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிமெண்டில் ஊதாக் காலடிகள். வலது காலுக்கு ஐந்து விரல். இடது காலுக்கு நான்கு. எல்லாவற்றிலும் நான்கு.

குனிந்து காலைப் பார்த்தான். ஐந்தும் இருந்தன. சுண்டுவிரலை அழுத்தி வைத்து இன்னொரு அடி எடுத்தான். நான்கு.

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு மணி ஷிப்ட்.

“போவ வாணாங்க” என்றாள் பெனிஷா.

பஸ் போய்விட்டது. கிங்ஸ்டன் கட்டிலில் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பெனிஷா அரிவாள்மணையையும் கடப்பாரையையும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. உள்ளே தொட்டி மழை மாதிரி இரைந்துகொண்டிருந்தது.