முனீஸ்வரருக்கு வைத்த நாய்

புஷ்பாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து வீட்டைவிட்டு ஓடிய மகன் மோகன், இன்று பொழுது சாய்ந்ததும் தாய்லாந்து எல்லையில் ஆற்றைத் தாண்டப் போகிறான். அடுப்பில் சோறு குழைந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

கைவசம் ஒரு மண்நாய் இருந்தது. வேலை பார்த்த வீட்டு மெக்சிகோக்கார அம்மாள் ஊரைக் காலி செய்தபோது கொடுத்தது. சுட்ட மண், நல்ல சிவப்பு, தொப்பை வேறு. வேண்டுதலுக்கு மண்ணில் உருவாரம் வைப்பது வழக்கம்தானே? வழிக்காவல் முனீஸ்வரருக்கு நாய்தானே துணை? அவர்கள் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையின் ரயில் பாதையோரக் கோயிலில், மகன் பேர் நட்சத்திரம் சொல்லி வைத்துவிட்டு வந்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அது அரைமணி நேரம் நீடிக்கவில்லை. நாயைப் படம் எடுத்து வைத்திருந்த மகள் ராதா, போனில் தேடிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தாள்.

“அம்மா, இது சாமிக்கு வைக்கிறது இல்லம்மா. கொலம்பஸ் அங்க போறதுக்கு ரொம்ப முந்தி, மெக்சிகோவுல பொணத்தோட குழியில வைப்பாங்களாம். செத்தவங்கள ஆத்தக் கடத்திக் கூட்டிட்டுப் போற நாயாம்.”

“ஆத்தையா?”

புஷ்பா செருப்புக் கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினாள். பாழாய்ப்போன புத்தி! பெற்ற பிள்ளைக்கு எமனையல்லவா துணைக்கு அனுப்பியிருக்கிறாள்!

முனீஸ்வரர் காலடியில் நாய் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

“நல்லையாண்ணே, அத எடுத்துக் குடுத்துருங்க.”

பூசாரி நல்லையா தலையை ஆட்டினார். “வெச்சத எடுக்கக் கூடாது புஷ்பா. அவரு ஏத்துக்கிட்டாரு. எடுத்தா புள்ளைக்குத்தான் ஆகாது.”

விஷயத்தை அழுதுகொண்டே சொன்னாள். எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. புஷ்பா சன்னதிக்கும் வாசலுக்குமாக நடையாய் நடந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டென்று நின்றாள்.

“எடுக்க வேணாம்ணே. பேர மாத்திச் சொல்லலாமா?”

“யார் பேருக்கு?”

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குச் சொல்வது போலவே சொன்னாள்.

“புஷ்பா. பூச நட்சத்திரம்.”

நல்லையாவின் கை கற்பூரத் தட்டைத் தொட மறுத்தது.

“சீக்கிரம்ணே,” என்றாள். “அவன் தண்ணியில எறங்கிருப்பான்.”