நிறுத்திய இடம்

புவெனஸ் ஐரிஸில் கோடை விடுமுறையான பிப்ரவரி மாதம் மனப்பகுப்பாய்வாளர்கள் யாரும் ஊரில் இருப்பதில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களிடம் போகிறவர்கள் அந்த ஒரு மாதம் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரியின் கடைசி அமர்வில் நேலிடா, சாய்மெத்தையில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி, "இந்தத் தடவை அப்பாவைப் பார்க்கப் போக மாட்டேன்" என்றாள். தலைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்று எழுந்தார் டாக்டர் உர்கியோலா.

இவர்கள் முறையில் அமர்வு கடிகாரத்தைப் பார்த்து முடிவதில்லை. கனமான ஒரு சொல் விழும் இடத்தில் பகுப்பாய்வாளர் நிறுத்துவார். பேச்சு தொடர்ந்தால் அந்தச் சொல் மற்ற சொற்களுக்கு அடியில் போய்விடும். நிறுத்தினால், சொன்னவர் அதைக் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேருவார். சரி என்றோ தவறு என்றோ அதற்குப் பொருள் இல்லை.

நேலிடா அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். பாயியா பிளாங்கா ஊரில் தனியாக இருந்த அப்பாவிடம் போகவில்லை. பிப்ரவரி நடுவில் அவர் இறந்துபோனார்.

மார்ச்சில் வந்தவள் படுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்கதானே டாக்டர் போகாதேன்னு சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லலையே, நேலிடா."

"வாயால சொல்லல. எழுந்து நின்னு சொன்னீங்க. இத்தனை வருஷமா உங்க நாற்காலி சத்தத்தை வச்சுத்தானே நான் பொழப்பு நடத்துறேன்!"

'அது உங்கள் முடிவு' என்று அவர் சொல்லியிருக்கலாம். உண்மைதான், ஒளிந்துகொள்ளவும் வசதியான உண்மை. எல்லாம் தன் தவறு என்று அவர் சொன்னால் அவளுக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் அவள் எடுத்த முடிவை அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும். உர்கியோலா தன் பங்கை மட்டும் சொன்னார்.

"கீழ கார்ல என் மனைவி ஹாரன் அடிச்சா. ஊருக்குக் கிளம்புற அவசரம், எழுந்துட்டேன். அது நான் பண்ணின தப்பு."

நேலிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கன்னி மாதாவே! உங்க பொண்டாட்டி அடிச்ச ஹாரனுக்கா நான் அப்பாவை விட்டேன்?"

சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

"இல்ல டாக்டர்" என்றாள் கடைசியில். "நீங்க உட்கார்ந்தே இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை தவறாம ஃபோன் பண்ணி, 'எப்போடா வர்றே, குட்டி'ம்பாரு. எனக்கு அலுப்பா இருந்துச்சு. கோபம்கூட இல்ல. வெறும் அலுப்பு."

அவள் பழியை உர்கியோலாமேல் போட்டிருந்தால் அவர் சுமந்திருப்பார். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருக்கும். அவளோ அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.