மூன்றாவது வில்லை

ஆறு வில்லைகளில் ஐந்தைச் சுற்றி வட்டம் இருந்தது. மூன்றாவது வில்லையைச் சுற்றி மட்டும் இல்லை. கைபேசியில் வந்த அந்தப் படத்தை அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், கைபேசியைத் தலைகீழாகக்கூடத் திருப்பினார். வட்டம் வரவில்லை. அந்த வில்லையில் இருந்த மருந்து நான்கு வருடமாக அவருடைய கோழி ஷெட்டுக்குள் நுழைந்ததே இல்லை. வராத மருந்தைத் தாங்குவதற்கு அவருடைய கோழிகளின் வயிற்றிலிருக்கும் கிருமி எங்கே பழகிக்கொண்டது?

அந்தப் படத்தைப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதை அனுப்பிய ஆய்வகத்து அம்மா. இருவரும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் தொலைபேசியில்தான். கோழிக்காரர் தம் பூட்ஸின் மேல் துணி உறை மாட்டிக்கொண்டு ஷெட்டின் நீளத்துக்கு இரண்டு நடை நடப்பார். எச்சம் ஒட்டிய அந்த உறைகளைப் பையில் கட்டி அனுப்புவார். ஆய்வகத்தில் அதிலிருந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைப் பிரித்தெடுத்து, ஒரு தட்டில் உறைய வைத்த கூழின் மேல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் சீராகப் பூசுவார்கள். அதன் மேல் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வில்லைகள் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்துவிடும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து அதை உரசிக்கொண்டு நிற்கும்.

அவருக்கு ஊரில் 'ரெஜிஸ்டர்' என்று பெயர். எத்தனை கோழி, எத்தனை இறந்தது, எத்தனை லிட்டர் தண்ணீர், என்ன மருந்து என்று தினமும் ஒரு வரி எழுதாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஆறாயிரம் கோழிகளுக்கு அவர் ஒருவர்தான். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. கோழி வளர்க்கிறவர் இன்னொரு கோழி வளர்க்கிறவர் வீட்டுக்குப் போகக் கூடாது. செருப்பின் அடியில் நோய் போய்விடும். ஆகவே அவர் வேலையைப் பற்றிப் பேசினால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யாரோ, அவர்களைத்தான் அவர் பார்க்கவே கூடாது.

நாற்பத்திரண்டு நாளில் கோழிகள் வளர்ந்து லாரியேறிவிடும். பிறகு ஷெட்டைக் கழுவிப் பதினைந்து நாள் காலியாகப் போட வேண்டும். ஆறாயிரம் தொண்டைகளின் முனகல் நின்றதும் சமையலறைக் கடிகாரம் ஓடுவது கேட்கத் தொடங்கும். எதற்கு அதற்குப் புது பேட்டரி போட்டோம் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வார்.

போன கோடையில் மகளும் மூன்று வயதுப் பேத்தியும் வந்து பத்து நாள் இருந்தார்கள். பேத்தி குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கூச்சத்தில் சிரித்தாள். ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மருத்துவமனை. முதலில் ஏற்றிய மருந்து கேட்கவில்லை. வேறு மருந்து மாற்றிய பிறகே பிழைத்தாள். குழந்தையிடம் எடுத்த கிருமியும் ஷெட்டில் எடுத்த கிருமியும் ஒன்றே என்று வந்தது. கேட்காமல் போனது அந்த மூன்றாவது வில்லையின் மருந்து.

"அப்பா, உண்மையச் சொல்லு. தண்ணில மருந்து கலக்குறியா?"

"அதெல்லாம் நிறுத்தி நாலு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப அந்த மருந்து டிரம் எதுக்கு மூலையில கிடக்கு?"

"உக்கார்றதுக்கு. கவுத்துப் போட்டு அது மேலதான் உக்காந்திருக்கேன். வேணா ரெஜிஸ்டரப் பாரு."

"ரெஜிஸ்டர யாரு எழுதுறது? நீதானே?"

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசுவாள். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி. பேத்தியின் சத்தம் பின்னால் எங்கோ கேட்கும். கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் மகள் இந்தப் படியேற மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் தேட ஆரம்பித்தார்.

"இன்னிக்கு என்னண்ணே அனுப்பியிருக்கீங்க? பார்சலப் பிரிக்கும்போதே தும்மல் வருது," என்றார் ஆய்வகத்து அம்மா.

"தீவனம், மேடம். மூட்டைக்கு ஒரு பிடி."

"நல்லவேளை, கோழியவே மடிச்சு அனுப்பல."

தீவனத்தில் கிருமி இல்லை, மருந்தும் இல்லை. தொட்டித் தண்ணீர், குழாயின் உள்ளே படிந்த வழவழப்பு, தரையில் பரப்பும் மரத்தூள், எலிப் புழுக்கை ஆகியவற்றையும் அனுப்பினார். எதிலும் இல்லை. கோழிகள் போனதும் ஷெட்டைக் கழுவிக் காயவிட்டு, அந்தக் காலி நீளத்தில் உறை மாட்டிக்கொண்டு நடந்தார். அவருடைய காலடிச் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த உறைகளிலும் ஒன்றுமில்லை.

"அப்ப ஒண்ணுதான் பாக்கி," என்றார் அந்த அம்மா. "குஞ்சுப் பெட்டிக்கு அடியில காகிதம் விரிச்சிருப்பாங்கல்ல? வண்டி வந்ததும் அத எடுத்து அனுப்புங்க. உங்க தரையில குஞ்சு கால் வைக்கறதுக்கு முன்னாடி."

குஞ்சு வண்டி காலை ஏழு மணிக்கு வந்தது. ஓட்டுநர் சக்கரத்துக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டு வாசலிலேயே நின்று கத்தினார்.

"ரெஜிஸ்டர் அண்ணே! உயிரோட இருக்கீங்களா?"

"இரு, எழுதி வச்சிருக்கேன், பாத்துச் சொல்றேன்."

பெட்டிகளை இறக்கும்போது காகிதங்களை உருவிப் பையில் போட்டார். எச்சம் பட்ட வெறும் காகிதம். ஆறாம் நாள் படம் வந்தது. அதே கிருமி. மூன்றாவது வில்லையைச் சுற்றி அதே மங்கல்.

"குஞ்சோடதான் வருதுண்ணே. நீங்க கலக்கலைங்கறது சரி," என்றார் அந்த அம்மா. "ஆனா ஒண்ணு இடிக்குது. முட்டைய விட்டு வந்து ஒரு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள அதுக்கு யாரு மருந்து கொடுத்தா?"

அவர் ரெஜிஸ்டரைத் திறந்தார். நாள் 1. வரவு ஆறாயிரம், இறப்பு நான்கு, விளக்குச் சூடு முப்பத்திரண்டு டிகிரி, மருந்து இல்லை. நாள் 2. மருந்து இல்லை. அந்த 'இல்லை'கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கண்ணை மூடி அந்தக் காலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பெட்டியின் வெதுவெதுப்பு, மூடியைத் திறந்ததும் எழும் கீச்சொலி, மஞ்சள் முதுகுகள், பிடரியில் லேசான நீலக் கறை.

நீலக் கறை. எத்தனையோ வருடமாக, எத்தனையோ ஆயிரம் பிடரிகளில் பார்த்திருக்கிறார். குஞ்சு பொரித்து அனுப்பும் பொரிப்பகத்தின் அடையாளம் என்று நினைத்துக் கேட்காமலே விட்டிருந்தார். ஓட்டுநருக்குப் போன் போட்டார்.

"அது ஊசி போட்ட அடையாளம்ணே. தடுப்பூசில சாயம் கலப்பாங்க. போட்டது எது, போடாதது எதுன்னு தெரியணும்ல? எல்லாமே மஞ்சளா ஒரே மூஞ்சி."

"வேற என்ன கலப்பாங்க?"

"என்னய ஏன் கேக்குறீங்க, நான் வண்டிதான் ஓட்டுறேன். ஊசி போடுற அக்கா நம்பர் தர்றேன், கேளுங்க."

அந்த அக்கா எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள். "மணிக்கு ரெண்டாயிரம் கழுத்துண்ணே! சாயங்காலம் என் பேரே எனக்கு மறந்துரும். என்ன வேணும்?"

"தடுப்பூசி மட்டும்தான் போடுறீங்களாம்மா?"

"கூட ஒரு சொட்டு மருந்து. குத்துன எடத்துல சீழ் வைக்கக் கூடாதுல்ல? குஞ்சு செத்தா நீங்கதானே வந்து சத்தம் போடுவீங்க!"

"குஞ்சோட வர்ற சீட்டுல தடுப்பூசின்னு மட்டும்தானே இருக்கு?"

"ரெண்டும் ஒரே பாட்டில்தானே. எதுக்கு ரெண்டு வாட்டி எழுதணும்?"

அவர் மருந்தின் பெயரைக் கேட்டார். அவள் பாட்டிலை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவர் எழுதிக்கொண்டார். மூன்றாவது வில்லை.

செய்தியை ஆய்வகத்து அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினார்.

"கழுத்துல குத்துனது குடலுக்கு எப்படி மேடம் போகும்?" என்று இவர் இடையில் புகுந்தார்.

"ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகும். அங்கேருந்து கொஞ்சம் பித்தத்தோட குடல்ல இறங்கும். இப்ப பாருங்க, பொறந்த குஞ்சோட குடல் காலி பஸ் மாதிரி. இன்னும் யாருமே ஏறல. கிருமிகள்ல மருந்தத் தாங்குற ரகம் ஆயிரத்துல ஒண்ணு எங்கயாவது முன்னாடியே இருக்கும். மருந்து அத உண்டாக்கறதில்ல. மத்தவங்கள ஏற விடாம வாசல்ல நின்னு தடுத்துருது. தாங்குறவன் மட்டும் உள்ள போய் ஜன்னலோரம் உக்காந்துக்கறான். அப்புறம் மருந்து தீந்தா என்ன, தீராட்டி என்ன? சீட்டு அவனோடது."

"அப்ப என் ஷெட்டுல?"

"உங்க ஷெட்டுக்கு பஸ் வரும்போதே நெறஞ்சுதாண்ணே வருது."

ஷெட்டின் தட்டு, குஞ்சுப் பெட்டிக் காகிதத்தின் தட்டு இரண்டின் படங்களையும் வைத்துப் பொரிப்பக மேலாளருக்கு எழுதினார். தடுப்பூசி போடுங்கள், மருந்தைக் கலக்காதீர்கள். சீழ் பிடிக்காமலிருக்க ஊசி முனையை அடிக்கடி மாற்றுங்கள் என்று கேட்டார். மேலாளர் பத்து நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்த பேட்ச் குஞ்சுகளிலும் வட்டம் விழவில்லை. பழைய கிருமி பொரிப்பகத்தின் தட்டுகளிலும் இடுக்குகளிலும் இன்னும் இருக்கும், மருந்தின் தயவு இல்லாமல் அது மற்றக் கிருமிகளோடு முட்டி மோத வேண்டும், பொறுங்கள் என்றார் அந்த அம்மா. பொறுத்தார். நாற்பத்திரண்டு நாள், பதினைந்து நாள் கடிகாரச் சத்தம், மறுபடி நாற்பத்திரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமைகளின் நான்கு நிமிடங்களில் இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது பேட்சின் படத்தில் ஆறு வட்டங்கள் இருந்தன. மூன்றாவது வில்லையின் வட்டம் இருபத்து மூன்று மில்லிமீட்டர் என்று அந்த அம்மா கீழே எழுதியிருந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து, நடந்ததை நான்கு வரியில் எழுதி, மகளுக்கு அனுப்பினார். அவள் அன்று மாலையே கூப்பிட்டாள்.

"இன்னிக்குப் புதன்கிழமைம்மா," என்றார் அவர்.

"தெரியும்ப்பா. அப்ப நீ கலக்கல."

"கலக்கல."

"ஆனா உன் கோழிக்கு மருந்து போயிருக்கு."

"போயிருக்கு."

"ஊருக்கே கணக்கு சொல்ற ரெஜிஸ்டர்ல அந்த ஒரு நாள் மட்டும் இல்லையேப்பா."

"நான் பெட்டியத் திறந்ததுதான் ஒண்ணாம் நாள்னு இருந்துட்டேன். அதுக்கு முன்னாடியும் அதுக்கு ஒரு நாள் இருந்திருக்கு."

"இப்போ கிருமி போயிருச்சா?"

போய்விட்டது என்று சொல்ல அவருக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. "போகலம்மா. கிருமி இருக்கு. மருந்துக்கு அடங்குற கிருமியா ஆயிருக்கு, அவ்வளவுதான். கோழி இருக்கறப்ப பாப்பா ஷெட்டுக்குள்ள வரக் கூடாது. குஞ்சத் தொடவே கூடாது."

மறுமுனையில் அவள் காகிதமும் பேனாவும் தேடுவது கேட்டது.

"கழுவிக் காலியாப் போடுவியே பதினஞ்சு நாள், அது எப்ப வருது?"

அவருக்குத் தேதி மனப்பாடம். ஆனாலும், "இரும்மா, பாத்துச் சொல்றேன்," என்று ரெஜிஸ்டரைச் சத்தம் கேட்கப் புரட்டினார்.

தேதியைச் சொல்லிப் போனை வைத்த பிறகு, அடிக்கோலை எடுத்து, அடுத்த பேட்சுக்கான பக்கத்தில் நாள் 1 என்ற வரிக்கு மேலே ஒரு கோடு போட்டு எழுதினார்: "நாள் 0. பொரிப்பகத்தில் தடுப்பூசி மட்டும் போட வேண்டும். அதில் மருந்து கலக்கக் கூடாது. ஐந்நூறு குஞ்சுக்கு ஒரு முறை ஊசி முனையை மாற்ற வேண்டும்."