பகல் தூக்கம்

இது அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் நடந்ததா, நான்காம் நாளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோயாளியின் மனைவியைக் கேட்டால் ஒரு மாதிரி வருகிறது, அவள் கொழுந்தனைக் கேட்டால் இன்னொரு மாதிரி. சம்பவங்கள் முன்பின்னாக இருக்கலாம். அவளுடைய சந்தேகத்தில் மட்டும் குழப்பமே இல்லை.

அவள் கணவர் துணிக் கிடங்கில் இரவுக் காவலாளி. இதயத்தில் அடைப்பு என்று நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். செயற்கை சுவாசக் குழாயை எடுத்தாயிற்று, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் மதியம் பார்வையாளர் நேரத்தில் அவள் போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ஏறிய மருந்துகளில் ஒன்று லேசான மயக்க மருந்து. இதய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும், ஆளைத் தெரியாது, குழாயைப் பிடுங்குவார்கள், அதைத் தடுக்கத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்த மருந்து கிடையாது. யாரோ தன் செருப்பைத் திருடிவிட்டதாக அவர் நர்ஸோடு வழக்காடிக்கொண்டிருந்தார். அவளுக்கு அதுகூடப் பொறாமையாக இருந்தது. சண்டை போடவாவது விழித்திருக்கிறாரே.

இவருக்கு மட்டும் ஏன்? ஆபரேஷனில் ஏதோ பிசகிவிட்டது, மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை மறைக்கத்தான் தூங்கவைக்கிறார்கள். இந்த எண்ணம் வந்த பிறகு எல்லாமே அதற்குச் சாட்சி சொன்னது. நர்ஸ் சிரித்தால் மழுப்புகிறாள். சிரிக்காவிட்டால் நர்ஸுக்கு மனசு உறுத்துகிறது. போதாக்குறைக்கு, கொழுந்தன் நடைவழியில் டாக்டரிடம் தனியாகக் கிசுகிசுத்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.

மடக்கிக் கேட்டதும் அவன் ஒப்புக்கொண்டான். முன்பு குடலிறக்க ஆபரேஷனின்போது, அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம், அண்ணன் ஒரு நாள் முழுக்க உளறினாராம். அண்ணியிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அதைத்தான் டாக்டரிடம் சொன்னானாம். அதனால்தான் அண்ணனுக்கு மட்டும் அந்த மருந்தாம்.

"நீயும் அவங்களோட சேந்துட்ட, தம்பி."

"சேர்றதுக்கு இது என்ன கட்சியா, அண்ணி?"

அவள் நேராக டாக்டரிடம் போனாள். மருந்தை நிறுத்துங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. அந்த மருந்து தடுமாற்றத்தைக் குறைக்கலாம், நிச்சயமாகத் தடுக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றார். பிறகு கேட்டார்.

"கூப்பிட்டா முழிக்கிற அளவுக்குத்தாம்மா குடுக்கறோம். நீங்க கூப்பிட்டுப் பாத்தீங்களா?"



கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பகல் முழுவதும் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தியவள். வீட்டில் அழைப்புமணி கிடையாது. பிள்ளைகள் சண்டை போட்டதுகூடக் குசுகுசுவென்றுதான். பகலில் அவரை எழுப்பினால் ராத்திரி வேலை கெடும். இங்கேயும் பூனை மாதிரி வந்து, போர்வையைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவள் நினைப்பதாக எண்ணி நர்ஸுகளும் அவரை எழுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

கட்டிலருகே நின்றாள். கூப்பிடாதவரை அது வெறும் சந்தேகம். கூப்பிட்டு, விழிக்காவிட்டால்?

"என்னங்க." பழக்கத்தில் அது குசுகுசுவென்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"பட்டப்பகல்ல எதுக்கு எழுப்பற?"

"நான் யாருன்னு தெரியுதா?"

"ஏன், உனக்கே மறந்துபோச்சா?"

அவள் கையெழுத்துப் போடவில்லை.

சில நாளில் மருந்தை நிறுத்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சாயங்காலம் மட்டும் கொடியில் தொங்கிய சட்டையை யாரோ ஆள் என்று அதட்டினார். பிறகு அப்படி எதுவும் இல்லை. மருந்தால்தான் தப்பித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில்காரரும் தெளிந்து வீடு திரும்பினார். கொழுந்தன் கொஞ்ச காலம் வராமலிருந்து, பிறகு வந்தான். டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார். கணவர் இப்போது அதே கிடங்கில் பகல் காவலுக்குப் போகிறார். அவள் இன்னமும் அந்த டாக்டரை முழுதாக நம்பவில்லை.