மிஞ்சிய கிருமிகள்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அழகிரியின் வீட்டு ஜன்னல்கள் மூன்று நாளாகத் திறந்தே கிடந்தன. அவருடைய ஒரே மகள் மட்டுவார்குழலிக்குக் காசநோய். அதுவும் வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை என்று சளி டெஸ்ட் சொல்லிவிட்டது. பத்தொன்பது வயது, காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம், தாய் இல்லாத பிள்ளை. ஒன்றரை மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்துப்போயிருந்தாள்.

காசநோய்ப் பிரிவிலிருந்து வந்த சகாயராணி, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"வீட்ல யாருக்காவது முன்னாடி டிபி வந்திருக்கா சார்?"

"இல்லைங்க சிஸ்டர்."

"உங்களுக்கும் இருமல் இருக்கே?"

"அது வெல்டிங் புகைங்க. வொர்க்‌ஷாப்ல எல்லாருக்கும் இருக்கும்."

வாய் கூசாமல் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது சாட்சாத் இதே நோய்தான். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் வொர்க்‌ஷாப் முழுக்கத் தெரிந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்து எவனும் டீ குடிக்க மாட்டான் என்று பயந்து, மன்னார்புரத்தில் ஒரு டாக்டரிடம் காதும் காதும் வைத்தாற்போல் வைத்தியம் பார்த்துக்கொண்டார். மகளிடம் அல்சர் மாத்திரை என்றார். பத்து வாரத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, தொளதொளத்த பேண்ட் மறுபடி இறுகியது. மாத்திரையோ குமட்டியது. மிச்சத்தைக் குப்பையில் போட்டார். இருமல் திரும்பி வந்தபோது புகை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேகனில் ஒரு நட்டு லூசாக இருந்தால்கூட ஷெட்டை விட்டு நகர விடாத மனுஷன், தன் உடம்பை மட்டும் அரைகுறையாக முடுக்கி வெளியே அனுப்பிவிட்டார். இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

"அப்ப வெளியிலதான் தேடணும்," என்றார் சகாயராணி. "தேடாம விட்டா, அந்த ஆள் இன்னும் நாலு பேருக்குப் பரப்புவாரு. அவருக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை."

"காலேஜ்ல இவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு ஒண்ணு இருக்குங்க, சபீனான்னு," என்றார் அழகிரி. "மழைக்காலம் பூரா அது இருமிக்கிட்டே இருந்துச்சு."

சகாயராணி எழுதிக்கொண்டார். அழகிரி பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். தன் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்ட பிள்ளை அது.

"அவளுக்கு டெஸ்ட் எடுங்கக்கா, தப்பில்லை. ஆனா அவமேல பழி போடாதீங்க," என்றாள் குழலி. கட்டிலில் சாய்ந்திருந்தவளின் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் தேய்ந்து வந்தது. "அவளுக்கே இருந்தாலும், எங்கயோ ஒருத்தர் மாத்திரையைப் பாதியில விட்டிருக்கணும்."

"அதெப்படிம்மா சொல்ற?" அழகிரி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"மாத்திரை எந்தக் கிருமியையும் பலசாலி ஆக்கறதில்லப்பா. கோடிக்கணக்குல பெருகறப்ப, எங்கயோ ஒண்ணு ரெண்டு தானாவே கொஞ்சம் மாறிப் பிறந்துடும். ஒரு மருந்து அதைத் தொடாது. அதுக்குத்தான் நாலு மருந்து தர்றாங்க. ஒண்ணுக்குத் தப்பினது இன்னொண்ணுல சாகணும். ஆறு மாசம் விடாமப் போட்டா எதுவும் மிஞ்சாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாதியில விட்டா, லேசுல சாகறது செத்துடும், சாகாதது மிஞ்சிடும். போட்டிக்கு ஆள் இல்ல, இடமெல்லாம் அதுக்குத்தான். அதோட வம்சமும் அப்படியே பிறக்கும். கிருமி யோசிச்சு எதுவும் பண்ணலப்பா. யாரு மிஞ்சறாங்களோ அவங்க வாரிசுதான் நாளைக்கு. யானை, மீனு, நாம, எல்லா உயிரும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையா மாறி வந்திருக்கு. பரிணாமம்னு பாடத்துல படிச்சேன். எனக்குள்ளயே நடக்கும்னு நினைக்கல."

எழுதிக்கொண்டிருந்த சகாயராணியின் கையையே அழகிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ பாவம்," என்றாள் குழலி. "அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாங்க."

அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பார்.

"சொன்னாங்கம்மா," என்றார். "ஆறு மாசம் ஒருநாள் விடாமச் சாப்பிடணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் விட்டுட்டேன்."

சகாயராணியின் பேனா நின்றது. குழலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்த அல்சர் மாத்திரையா?"

அழகிரி தலையை ஆட்டினார்.

"எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"எழுபது நாள் இருக்கும். இருமல் நின்னுருச்சும்மா. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கத்த மாட்டாளா என்றிருந்தது அவருக்கு. தன் கையாலேயே மகளைச் சாகக் கொடுத்துவிட்டோமோ என்று பயந்தார்.

"இப்ப வேற மருந்து இருக்கு சார்," என்றார் சகாயராணி. குரலில் கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "ரெண்டு பேருமே ஒழுங்காச் சாப்பிட்டா பொழைச்சுக்கலாம். முதல்ல உங்க சளியைக் குடுங்க." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதன் மேல் அழகிரி என்று எழுதி நீட்டினார். நோட்டில் சபீனாவின் பெயரை அடிக்கவில்லை.

குழலி அதைக் கவனித்துவிட்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

"சபீனாவுக்கு நான் குடுத்திருந்தா, என்னப்பா பண்றது?"

அழகிரி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இருமுவதற்காக வாசலுக்குப் போனார்.